லூப் ஓடும்போது லிஸ்டிலிருந்து நீக்கினால் ஒரு நாள் பிழை வருகிறது, ஒரு நாள் வரவில்லை. ஏன்?

சிவதாபுரம் தம்பி · ஞாயிறு, இரவு 9.12

வணக்கம். கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பெரியப்பா சிவதாபுரத்தில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். வெள்ளியை நிறுத்து, வீட்டிலிருந்தே வேலை செய்பவர்களிடம் கொடுப்பார். அவர்கள் கொலுசாகத் திருப்பித் தரும்போது சேதாரம் கழித்துக் கணக்குத் தீர்ப்பார். கொடுக்கும் ஒவ்வொரு முறையும் ஒரு சீட்டு. இந்தச் சீட்டுக் கணக்கை ஜாவாவில் எழுதித் தருகிறேன் என்று நானே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

சீட்டுகள் ஓர் அரேலிஸ்டில் இருக்கின்றன. பாக்கி தீர்ந்த சீட்டை நீக்குவதற்கு எழுதியது கீழே. கைபேசியில் தமிழ் விசைப்பலகை மட்டும்தான் இருக்கிறது, அதனால் ஜாவாவின் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். (சீட்டுகள், பாக்கி போன்ற பெயர்களை மூல நிரலிலும் தமிழில்தான் வைத்திருக்கிறேன். ஜாவா மறுப்பின்றி ஏற்றுக்கொள்கிறது.)

ஃபார் (சீட்டு ஒன்று : சீட்டுகள்) {
  இஃப் (ஒன்று.பாக்கி == 0) {
    சீட்டுகள்.ரிமூவ்(ஒன்று);
  }
}

முதலில் ஐந்து சீட்டுகளை வைத்துச் சோதித்தேன். இரண்டாவது சீட்டில் பாக்கி இல்லை. ஓட்டியதும் கன்கரன்ட் மாடிஃபிகேஷன் எக்ஸெப்ஷன் என்று சிவப்பாக ஒரு பத்தி வந்து விழுந்தது. விவரங்களைக் கொஞ்சம் மாற்றி நான்காவது சீட்டின் பாக்கியைச் சுழியாக்கினேன். பிழை இல்லை, சீட்டும் நீங்கியது. சரியாகிவிட்டது என்று எண்ணிப் பட்டறைக் கணினியில் போட்டுவிட்டேன்.

நேற்று நான்காவது சீட்டும் ஐந்தாவது சீட்டும் தீர்ந்திருந்தன. நான்காவது போய்விட்டது, ஐந்தாவது அப்படியே நின்றது. பிழைச்செய்தி எதுவும் இல்லை. அந்தச் சீட்டுக்கு உரிய அம்மாவைப் பெரியப்பா தொலைபேசியில் அழைத்து, பாக்கி வெள்ளி எங்கே என்று கேட்டுவிட்டார். அவர் முதல் நாளே எடை சரிபார்த்துக் கொடுத்துவிட்டுப் போனவர். பதினெட்டு வருடமாகப் பட்டறைக்கு வேலை செய்பவர். பெரியப்பா இப்போது என்னிடம் பேசுவதில்லை.

பிழை வந்தால் எப்போதும் வரட்டும், வராவிட்டால் எப்போதும் வரவேண்டாம். இது என்ன கணக்கு?

லீபஜார் · ஞாயிறு, இரவு 9.20

பாக்கியை டபுளில் வைத்திருக்கிறாயா? தசம எண்ணைச் சுழியோடு ஒப்பிட்டால் ஒரு நாள் ஏமாற்றும்.

சிவதாபுரம் தம்பி · ஞாயிறு, இரவு 9.22

இல்லை அண்ணா. எல்லாம் மில்லிகிராமில், லாங் வகையில்தான் இருக்கிறது. அங்கே சிக்கல் இல்லை.

அடிவாரம் · ஞாயிறு, இரவு 10.05

தம்பி, உன் நிரலில் எழுதப்படாத ஓர் ஆள் இருக்கிறான். அவனைப் பார்த்துவிட்டால் மூன்று நிகழ்வுகளும் ஒன்றுதான் என்று தெரியும்.

நீ இரட்டைப்புள்ளி வைத்து எழுதியிருக்கும் இந்த மேம்பட்ட ஃபார் 2004 செப்டம்பரில் ஜாவா 5 உடன் வந்தது. ஜெனரிக்ஸ், ஈனம், ஆட்டோபாக்சிங் எல்லாம் அதே வண்டியில் வந்து இறங்கியவைதான். ஜாவாவை ஓட்டும் இயந்திரத்தைப் பொறுத்தவரை இது புதிய வகை லூப்பே இல்லை. கம்பைலர் உன் மூன்று வரியைப் பழைய பாணியில் விரித்து எழுதிக்கொள்கிறது: சீட்டுகளிடம் ஓர் இட்டரேட்டரை (ஒவ்வொன்றாக எடுத்துத் தருபவன், நான் சொன்ன ஆள் இவன்தான்) கேட்டு வாங்கு, ஹேஸ்நெக்ஸ்ட் ஆம் என்னும் வரை நெக்ஸ்ட் கேட்டு ஒன்றை எடு, உள்ளே இருப்பதைச் செய். நம்பாவிட்டால் ஜாவாப் கட்டளையை மைனஸ் சி சேர்த்து ஓட்டிப் பார். நீ தட்டச்சு செய்யாத இட்டரேட்டர், ஹேஸ்நெக்ஸ்ட், நெக்ஸ்ட் மூன்றும் பைட்கோடில் வரிசையாக நிற்கும்.

இப்போது அரேலிஸ்டின் உள்ளே போவோம். லிஸ்ட் தன்னிடம் ஒரு மாற்ற எண்ணிக்கையை வைத்திருக்கிறது. மாட்கவுண்ட் என்று பெயர். சேர்த்தாலும் நீக்கினாலும் அது ஒன்று கூடும். நீ ஐந்து சீட்டுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்ததால் அது 5. இட்டரேட்டர் பிறக்கும்போது அந்த 5ஐத் தன் கையில் குறித்துக்கொள்கிறது. கூடவே, அடுத்து எடுக்கவேண்டிய இடம் எது என்பதையும் ஓர் எண்ணாக வைத்திருக்கிறது. கர்சர் என்று வைத்துக்கொள். தொடக்கத்தில் அது 0.

ஹேஸ்நெக்ஸ்ட் கேட்பது ஒரே ஒரு கேள்வி: கர்சரும் லிஸ்டின் அளவும் வேறு வேறா? வேறு என்றால் இன்னும் பாக்கி இருக்கிறது என்று பொருள். மாட்கவுண்டை அது திரும்பிக்கூடப் பார்க்காது. மாட்கவுண்டைச் சரிபார்ப்பது நெக்ஸ்ட்.

உன் முதல் சோதனை: இரண்டாவது சீட்டை எடுத்ததும் கர்சர் 2. நீ நீக்கினாய், அளவு 4, மாட்கவுண்ட் 6. கர்சர் 2, அளவு 4, வேறு. ஆகவே நெக்ஸ்ட் அழைக்கப்படுகிறது. கையில் 5, லிஸ்டில் 6. பிழை. சீட்டு ஏற்கெனவே நீங்கிவிட்டது என்பதைக் கவனி. அடுத்த அடியை எடுத்து வைக்கும்போதுதான் பிழை வெடிக்கிறது.

இரண்டாவது சோதனை: நான்காவது சீட்டை எடுத்ததும் கர்சர் 4. நீக்கினாய், அளவும் 4. இரண்டும் ஒன்று! ஹேஸ்நெக்ஸ்ட் முடிந்தது என்று சொல்லிவிட்டது. நெக்ஸ்ட் அழைக்கப்படவே இல்லை, ஆகவே யாரும் எதையும் சரிபார்க்கவில்லை. ஐந்தாவது சீட்டை உன் நிரல் கண்ணாலும் பார்க்கவில்லை. அந்த அம்மாவின் சீட்டு நின்றுபோனது இப்படித்தான்.

கடைசிக்கு முந்தையதை நீக்கினால் மட்டும் இந்த அமைதி. மற்ற எதை நீக்கினாலும் கூச்சல்.

தறிமேடை · ஞாயிறு, இரவு 10.31

அப்படியானால் கடைசிச் சீட்டை நீக்கினால்? அதற்குப் பிறகுதான் ஒன்றும் இல்லையே. பிழை வரக்கூடாது அல்லவா?

அடிவாரம் · ஞாயிறு, இரவு 10.40

எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள். கடைசியை எடுத்ததும் கர்சர் 5. நீக்கியபின் அளவு 4. வேறு வேறு. இன்னும் இருக்கிறது என்று ஹேஸ்நெக்ஸ்ட் நம்புகிறது, நெக்ஸ்ட் அழைக்கப்படுகிறது, பிழை. வரிசையின் முடிவைத் தாண்டிப் போய் நின்றுகொண்டு அடுத்தது எங்கே என்று கேட்கிறது. ஹேஸ்நெக்ஸ்ட் 'வேறா' என்று கேட்காமல் 'குறைவா' என்று கேட்டிருந்தால் இந்த இடத்தில் அது பேசாமல் வெளியேறியிருக்கும், தவறும் தெரிந்திருக்காது.

தறிமேடை · ஞாயிறு, இரவு 10.58

இப்போது பிடிபட்டது. எங்கள் வீடு இளம்பிள்ளையில். ஜக்கார்டு தறியில் துளைபோட்ட அட்டைகளை நூலால் கோத்து மாலையாகத் தொங்கவிட்டிருப்பார்கள். ஒவ்வோர் ஊடைக்கும் ஓர் அட்டை திரும்பும். எத்தனையாவது அட்டை என்று தறிக்குத் தெரியாது. அடுத்தது எது என்பது மட்டும் தெரியும். பூ மாற வேண்டும் என்றால் அப்பா தறியை நிறுத்திவிட்டுத்தான் அட்டையை அவிழ்ப்பார். சிறுவயதில் ஓடும்போதே நான் ஒன்றை இழுத்துவிட்டேன். புடவையில் கொடி ஓரிடத்தில் ஒடிந்து நின்றது. தறியும் பிழை எதுவும் சொல்லவில்லை.

லீபஜார் · ஞாயிறு, இரவு 11.10

கதை போதும், தீர்வைச் சொல்லுங்கள். ஜாவா 8 அல்லது அதற்குப் பிந்தையதா? அப்படியானால் ஒரே வரி:

சீட்டுகள்.ரிமூவ்இஃப்(ஒன்று -> ஒன்று.பாக்கி == 0);

இரண்டு தீர்ந்த சீட்டுகள் அடுத்தடுத்து இருந்தாலும் இரண்டையும் நீக்கும். அரேலிஸ்டில் வேகமும் கூடுதல். ரிமூவ் ஒவ்வொரு முறையும் பின்னால் இருப்பவை அனைத்தையும் ஓர் இடம் முன்னால் தள்ளுகிறது. ரிமூவ்இஃப் எதெது போகவேண்டும் என்று முதலில் பார்த்துக்கொண்டு ஒரே நடையில் ஒதுக்கிவிடும்.

அம்மாபேட்டை மாணவி · திங்கள், காலை 7.15

லீபஜார் அண்ணா, எங்கள் ஆசிரியர் இதைப் பழைய ஃபாரில் செய்யச் சொன்னார். ஐ என்ற இட எண் 0 இலிருந்து தொடங்கும், கெட் போட்டு எடுக்க வேண்டும், பாக்கி இல்லை என்றால் ரிமூவ்(ஐ). இட்டரேட்டரே இல்லாததால் பிழை வராது என்றார். உண்மையிலேயே வரவில்லை. இது சரிதானே?

அடிவாரம் · திங்கள், காலை 7.50

பிழை வராது என்பது சரி. விடையும் வராது. 2ஆம் இடத்தில் இருப்பதை நீக்கினால் 3ஆம் இடத்தில் இருந்தது 2க்கு நகர்ந்து வருகிறது. உன் ஐ அதற்குள் 3க்குப் போய்விட்டது. நகர்ந்து வந்ததை யாரும் பார்க்கவில்லை. தீர்ந்த சீட்டுகள் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் இரண்டாவது தப்பிவிடும். தம்பிக்கு நேர்ந்த அதே விபத்து, வேறு வாசல் வழியாக.

ஐ கொண்டுதான் எழுதவேண்டும் என்றால் பின்னாலிருந்து முன்னால் வா. அளவில் ஒன்று குறைத்துத் தொடங்கி 0 வரை இறங்கு. நீக்கும்போது நகர்பவை நீ ஏற்கெனவே பார்த்து முடித்தவையாக இருக்கும்.

இன்னொரு குழி. உன் லிஸ்ட் இன்டிஜர் லிஸ்டாக இருந்து அதில் சீட்டு எண்கள் மட்டும் இருப்பதாக வைத்துக்கொள். 105 என்ற எண்ணை நீக்க ரிமூவ்(105) என்று எழுதினால் ஜாவா அதை 105ஆம் இடத்தில் இருப்பதை நீக்கு என்று புரிந்துகொள்ளும். ஐந்தே எண்கள் உள்ள லிஸ்டில் 105ஆம் இடம் ஏது? எல்லை தாண்டியதாகப் பிழை வரும். 105க்குப் பதில் 3 என்ற எண்ணை நீக்க முயன்றிருந்தால் அதுவும் வராது. வேறு ஏதோ ஓர் எண் சத்தமில்லாமல் போயிருக்கும். இன்டிஜர்.வேல்யூஆஃப்(105) என்று பொருளாக மாற்றிக் கொடுத்தால்தான் எண்ணைத் தேடி நீக்கும்.

இவை எல்லாவற்றையும் பார்த்தபிறகு நான் சொல்வது: ஐ இல்லாமல் லூப் கற்றுக்கொண்டவர்களுக்கு இந்த நகர்வு கண்ணுக்குத் தெரிவதே இல்லை. மேம்பட்ட ஃபாரை ஆறு மாதம் கழித்துத்தான் கற்றுக்கொடுக்க வேண்டும்.

காப்பிச்செடி · திங்கள், காலை 11.30

அடிவாரம் ஐயா, மன்னிக்கவும், இதை நான் ஏற்கவில்லை. ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்குப் பார்க்கிறேன், பக்கத்திலேயே பிள்ளைகளுக்குக் கணினியும் சொல்லிக் கொடுக்கிறேன். ஐ கொண்டு எழுதும் பிள்ளைகள் செய்யும் முதல் தவறு எப்போதும் ஒன்றுதான்: குறைவு என்று போடவேண்டிய இடத்தில் குறைவு அல்லது சமம் என்று போட்டு எல்லை தாண்டுவார்கள். அடுத்தது, உள் லூப்பில் ஜே என்று எழுதவேண்டிய இடத்தில் ஐ. முதல் வாரமே அவர்களை ஏன் அழ வைக்கவேண்டும்?

பிள்ளைகளுக்கு நான் சொல்வது நம் மலைப்பாதையை. சேலத்திலிருந்து ஏறும்போது 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் எண் பலகை. முன் இருக்கையில் உட்கார்ந்து பலகையைப் படித்துக்கொண்டே வருபவருக்கு 'இது 7ஆவது' என்று தெரியும். அவர்தான் பழைய ஃபார். பின் இருக்கையில் கண்ணை மூடிக்கொண்டு எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு வருபவருக்கு ஒவ்வொரு வளைவும் வயிற்றில் தெரியும், எண் தெரியாது. அவர் மேம்பட்ட ஃபார். இருவரும் 20 வளைவுகளையும் தாண்டித்தான் ஊருக்கு வருகிறார்கள். எண் தேவைப்படும் வேலைக்கு முன் இருக்கை, தேவைப்படாததற்குப் பின் இருக்கை. பெரும்பாலான வேலைக்கு எண் தேவையில்லை.

லீபஜார் · திங்கள், பகல் 12.02

இறங்கும்போது? மேம்பட்ட ஃபாருக்குப் பின்னோக்கி வரத் தெரியாது.

காப்பிச்செடி · திங்கள், பகல் 12.20

2023 செப்டம்பரில் வந்த ஜாவா 21இலிருந்து தெரியும். சீட்டுகள்.ரிவர்ஸ்ட்() என்று இரட்டைப்புள்ளிக்குப் பின் எழுதினால் போதும், கடைசியிலிருந்து வரும். அது புதிய லிஸ்டை உருவாக்குவதில்லை, அதே லிஸ்டை மறுபக்கம் நின்று பார்க்கிறது. பழைய பதிப்பில் இருப்பவர்கள் லிஸ்ட்இட்டரேட்டரை வாங்கி ஹேஸ்பிரீவியஸ் கேட்டு இறங்கவேண்டும்.

அடிவாரம் · திங்கள், மாலை 6.45

பஸ் உவமை நன்றாக இருக்கிறது அம்மா. அதே பாதையை வைத்து உங்கள் பக்கத்துக்கே ஒரு சாட்சி சொல்கிறேன். லிங்க்ட்லிஸ்டில் ஐ கொண்டு கெட்(ஐ) என்று எழுதினால் என்ன ஆகும்? அதற்கு 7ஆவது வளைவு எங்கே என்று நேராகத் தெரியாது. ஒவ்வொரு முறையும் அடிவாரத்திலிருந்து ஒன்று, இரண்டு என்று ஏறியே ஆகவேண்டும். 20 வளைவுகளையும் இப்படிப் பார்க்க 1 முதல் 20 வரை கூட்டுங்கள்: 210 வளைவுகள். மேம்பட்ட ஃபாருக்கு 20 போதும்.

லீபஜார் · திங்கள், மாலை 6.58

210 தவறு. ஜாவாவின் லிங்க்ட்லிஸ்ட் கேட்ட இடம் பாதிக்கு மேல் இருந்தால் உச்சியிலிருந்து இறங்கி வரும். கீழ்ப் பத்துக்கு 55, மேல் பத்துக்கு 55. மொத்தம் 110.

அடிவாரம் · திங்கள், மாலை 7.03

ஒப்புக்கொள்கிறேன். 110. ஆனாலும் லிஸ்டின் நீளம் பத்து மடங்கானால் வேலை நூறு மடங்காகும் என்பது மாறாது.

உண்மையைச் சொல்கிறேன், 2004க்கு முன் எழுதிய நிரல்களை வைத்துப் பல வருடம் பிழைப்பு நடத்தியவன் நான். இட்டரேட்டரைக் கையால் எழுதவேண்டும், நெக்ஸ்ட் தருவதை அடைப்புக்குறி போட்டு வகை மாற்றவேண்டும். ஒரு முறை லிஸ்டுக்குள் லிஸ்ட் ஓட்டினேன். நம் ஊர்ப் பெட்டிக்கடை முறையிலேயே சொல்கிறேன்: வெளியே தட்டுவடை, முறுக்கு, நொறுக்கல் என்று மூன்று, உள்ளே பூண்டு, மாங்காய், தக்காளி என்று மூன்று. 9 இணைகள் வரவேண்டும். உள் லூப்பில் வெளி இட்டரேட்டரின் நெக்ஸ்டை எழுதிவிட்டேன். தட்டுவடைக்குப் பூண்டு, முறுக்குக்கு மாங்காய், நொறுக்கலுக்குத் தக்காளி. மூன்றோடு முடிந்தது, பிழை இல்லை. உள்ளே நான்காவதாக ஒன்று இருந்திருந்தால் நோ சச் எலிமென்ட் என்று அன்றே கத்தியிருக்கும். அந்தக் கொடுமையை மேம்பட்ட ஃபார் ஒழித்துவிட்டது, அதில் மறுப்பில்லை. வெளிப்பொருளுக்கு ஒரு பெயர் வந்துவிடுகிறது. அதை எத்தனை முறை சொன்னாலும் அடுத்ததற்குத் தாவாது.

கற்றுக்கொடுக்கும் வரிசையில் மட்டும் என் கருத்து அப்படியே நிற்கிறது.

அம்மாபேட்டை மாணவி · திங்கள், இரவு 8.30

நடுவில் ஒரு சின்னக் கேள்வி. ஏன் இரட்டைப்புள்ளி? வேறு மொழிகளில் ஃபார்ஈச், இன் என்று சொல்லாகவே இருக்கிறதே.

அடிவாரம் · திங்கள், இரவு 8.41

புதிய சொல்லை மொழிக்குரியதாக ஒதுக்கினால், அதையே பெயராக வைத்திருக்கும் பழைய நிரல்கள் எல்லாம் உடையும். இன் என்பதை ஒதுக்கியிருந்தால் நீ தினமும் எழுதும் சிஸ்டம்.இன் என்ன ஆவது? ஆகவே புள்ளி வைத்துச் சமாளித்தார்கள்.

காப்பிச்செடி · செவ்வாய், காலை 9.10

என் பங்குக்கு ஓர் அடிபட்ட கதை. பழம் பறிக்கும் பருவத்தில் ஒவ்வொரு நாளும் பெயர், கிலோ என்று ஒரு ஹேஷ்மேப்பில் ஏற்றுவேன். முதலில் மேப்பை நேராக ஃபாரில் போட்டேன். கம்பைலர் ஏற்கவில்லை. மேம்பட்ட ஃபாருக்கு அரே வேண்டும், இல்லை இட்டரபிள் (கேட்டால் இட்டரேட்டர் தரக்கூடியது) வேண்டும். மேப் இரண்டும் இல்லை. கீசெட், வேல்யூஸ், என்ட்ரிசெட் என்று மூன்றில் ஒன்றைக் கேட்டு வாங்கவேண்டும். பெயரும் எடையும் சேர்ந்தே வேண்டும் என்றால் என்ட்ரிசெட்.

அடுத்து, பறித்தவர்கள் நின்ற வரிசை ஒன்று, கூலிப்பட்டியலில் வந்த வரிசை வேறொன்று. ஹேஷ்மேப் வரிசைக்கு உறுதி தருவதில்லை. லிங்க்ட்ஹேஷ்மேப்புக்கு மாறினேன், ஏற்றிய வரிசையிலேயே வந்தது.

மூன்றாவதுதான் அடி. மொத்த எடை கூட்ட எழுதியது:

ஃபார் (இன்ட் கிலோ : எடைகள்.வேல்யூஸ்()) மொத்தம் = மொத்தம் + கிலோ;

ஒரு நாள் நல் பாயின்டர் பிழை (நல் என்றால் அங்கே எதுவும் இல்லை என்று பொருள்). காட்டிய வரி இந்த ஃபார் வரி. அதில் நல் ஆகக்கூடியது எடைகள் மட்டும்தானே என்று மேப்பையே ஒரு மணி நேரம் துருவினேன். மேப் நன்றாகத்தான் இருந்தது. வேலைக்கு வந்து இன்னும் எடை போடாத ஒருவருக்கு நல் என்று ஏற்றியிருந்தேன். இன்டிஜரை இன்ட் ஆக்கும் வேலை ஃபார் வரியிலேயே கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. நல்லை இன்ட் ஆக்க முடியாது, ஆகவே அங்கேயே விழுந்தது. அடிவாரம் ஐயா சொன்ன எழுதப்படாத ஆள் இங்கேயும் இருந்திருக்கிறான்.

தறிமேடை · செவ்வாய், காலை 9.48

அக்கா, கூலியை உயர்த்தும்போது கவனம். இன்ட் அரேயை மேம்பட்ட ஃபாரில் ஓட்டி கூலி = கூலி + 10 என்று எழுதினால் ஒருவருக்கும் பத்து ரூபாய் கூடாது. கையில் இருப்பது மதிப்பின் நகல். அரேயில் மாற்றவேண்டும் என்றால் ஐ வேண்டும். ஆனால் பொருள்கள் உள்ள லிஸ்டில் ஒன்று.கூலியை மாற்றினால் மாறும். நகல் எடுத்தது வீட்டின் முகவரியைத்தான். நகல் முகவரி பிடித்துப் போனாலும் அதே வீட்டுக்குத்தான் போய்ச் சேருவோம்.

அம்மாபேட்டை மாணவி · செவ்வாய், மாலை 5.25

என் சொந்தச் சிக்கலையும் இங்கேயே போடுகிறேன். ஒரு சொல்லில் எத்தனை எழுத்து என்று எண்ணும் பயிற்சி. ஸ்ட்ரிங்கை நேராக ஃபாரில் போட முடியாது என்பதால் டூசார்அரே போட்டு, சார்களாக (ஜாவாவின் எழுத்து அலகு) பிரித்து ஓட்டினேன். சேலம் என்று கொடுத்தால் 5 என்கிறது. ஏற்காடு என்றால் 7. மூன்றும் நான்கும் அல்லவா வரவேண்டும்? அச்சிட்டுப் பார்த்தால் ச தனியாக, ஏகாரக் கொம்பு ஒரு புள்ளிவட்டத்தைப் பிடித்துக்கொண்டு தனியாக நிற்கிறது.

அடிவாரம் · செவ்வாய், இரவு 8.15

லூப் சரியாகத்தான் ஓடுகிறது. நீ கொடுத்த வரிசைதான் எழுத்து வரிசை அல்ல. யூனிகோடில் ச ஒன்று, கொம்பு ஒன்று, ல ஒன்று, ம ஒன்று, புள்ளி ஒன்று. ஐந்து சார்கள். ஏற்காட்டில் ஏ, ற, புள்ளி, க, கால், ட, உகரக் குறி என ஏழு. ஆங்கிலச் சொற்களை மட்டும் வைத்துச் சோதித்தவர்கள் இதைப் பார்த்தே இருக்கமாட்டார்கள்.

ஜாவா 20 அல்லது அதற்குப் பிந்தையது இருந்தால் பிரேக்இட்டரேட்டரின் எழுத்து வகையைப் பயன்படுத்து. துணைக்குறிகளைத் தாய் எழுத்தோடு சேர்த்தே ஒன்றாக எண்ணும். பெயரில் இட்டரேட்டர் இருந்தாலும் அது இட்டரபிள் அல்ல. மேம்பட்ட ஃபாரில் போட முடியாது. வைல் லூப்பில் நெக்ஸ்ட் கேட்டு, டன் என்ற மதிப்பு வரும் வரை ஓட்டவேண்டும். கையாலேயே எண்ணுவது என்றால், கேரக்டர்.கெட்டைப் கேட்டு, துணைக்குறி வகையைச் சேர்ந்தவற்றை எண்ணாமல் கன்டின்யூ போட்டுத் தாண்டிவிடு. பயிற்சிக்கு அதுவே போதும்.

லீபஜார் · செவ்வாய், இரவு 8.40

கன்டின்யூ என்றதும் நினைவுக்கு வருகிறது. ஃபார்ஈச் என்று லிஸ்டின் மேல் அழைக்கும் முறை ஜாவா 8இல் வந்ததே, அதையும் இந்த ஃபாரையும் ஒன்றென்று நினைத்துவிடாதே. அதற்குள் பிரேக், கன்டின்யூ செல்லாது. ரிட்டர்ன் போட்டால் அந்த ஒரு சுற்று மட்டும் முடியும். வெளியே உள்ள மொத்தம் என்ற மாறியில் கூட்டவும் விடாது. எனக்கு அது பிடிப்பதில்லை.

சிவதாபுரம் தம்பி · புதன், இரவு 9.50

எல்லோருக்கும் நன்றி. ரிமூவ்இஃப் போட்டேன், நான்காவதும் ஐந்தாவதும் சேர்ந்தே போயின. மகிழ்ச்சியோடு பெரியப்பாவிடம் காட்டினேன். பேச்சு திரும்பி வந்தது, ஆனால் திட்டாக. "போன சீட்டு எங்கே?" என்றார். நீக்கிவிட்டேன் என்றேன். எழுந்து போய்ச் சுவரோரம் தொங்கிய கம்பியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். தீர்ந்த சீட்டுகள் எல்லாம் அதில் குத்தியிருந்தன. அடியில் இருந்தவை பழுப்பேறிப்போனவை. "தீர்ந்த சீட்டை எவனாவது கிழிப்பானா? நாளைக்கு ஒருவர் வந்து கேட்டால் எதைக் காட்டுவாய்?"

ரிமூவ்இஃப் ஏதாவது நீங்கியதா இல்லையா என்று மட்டும்தான் திருப்பிச் சொல்கிறது, எவை என்று சொல்வதில்லை. ஆகவே எல்லாவற்றையும் அழித்துவிட்டு இப்படி எழுதினேன்:

ஃபார் (சீட்டு ஒன்று : சீட்டுகள்) {
  இஃப் (ஒன்று.பாக்கி == 0) கம்பி.ஆட்(ஒன்று);
  எல்ஸ் மேசை.ஆட்(ஒன்று);
}
சீட்டுகள் = மேசை;

ஓடிக்கொண்டிருக்கும் லிஸ்டை இது தொடவே இல்லை. வேறு இரண்டு லிஸ்டுகளில்தான் சேர்க்கிறது. இதில் ஏதாவது ஓட்டை இருக்கிறதா?

அடிவாரம் · புதன், இரவு 10.04

இல்லை. சீட்டுகளின் மாட்கவுண்ட் தொடக்கம் முதல் முடிவு வரை அப்படியே இருக்கிறது. மேசை, கம்பி இரண்டின் மேலும் எந்த இட்டரேட்டரும் ஓடவில்லை. மேசையை மட்டும் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்கு, இல்லாவிட்டால் அடுத்த முறை சீட்டுகளும் மேசையும் ஒரே லிஸ்டாக இருக்கும், ஓடும் லிஸ்டிலேயே சேர்த்துப் பழைய பிழையில் விழுவாய். பெரியப்பாவை ஜாவா படிக்கச் சொல்.

சிவதாபுரம் தம்பி · புதன், இரவு 10.15

மேசையைப் புதிதாகத் தொடங்கவில்லை! இப்போதே மாற்றுகிறேன். நாளை காலை அந்த அம்மாவின் வீட்டுக்குப் பெரியப்பா என்னைத்தான் அனுப்புகிறார், அடுத்த சீட்டுக்கான வெள்ளியோடு. இன்னொன்று: கம்பி நிறைந்தால் வருடக் கடைசியில் கழற்றிக் கட்டி மேலே போட்டு, புதுக்கம்பி தொங்கவிடுவார்கள். அதை எப்படி எழுதுவது?

லீபஜார் · புதன், இரவு 10.18

ட்ரீமேப். ஆண்டு சாவி, லிஸ்ட் மதிப்பு. இந்தக் கேள்விக்கு இங்கே தனி இழை தொடங்கு.